தம்பிக்கு, மூன்றரை மணியைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்குப் பதவி உயர்வு வந்ததை அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நல்ல சேதியைச் சொல்லி முடிக்கும் வரை நீ நின்றுகொண்டே இருந்தாய். ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாய். எழும்போது மேசையில் கையை ஊன்றினாய். வீடியோவில் எல்லாம் தெரிகிறது.

இன்னொன்றும் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்த நேரம் தினமும் விடியற்காலை மூன்றரை, நாலு என்று காட்டுகிறது. கேட்டால் வேலை என்கிறாய். பதினொன்றுக்குப் படுத்தவனை மூன்றரைக்கு எழுப்புவது வேலை இல்லை.

அக்காதான் சொன்னாள். அங்கங்கே மூட்டு வலிக்கிறதாம், ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லையாம். அவளிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் வார்டில் நின்றவள் நான்.

ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றால் நோயே இல்லை என்று ஆகாது. என்னென்ன பார்த்தார்கள்? அநேகமாக யூரிக் அமிலம், ஆர்.ஏ. ஃபாக்டர், ஏ.எஸ்.ஓ. மூன்றும் இருக்கும். யூரிக் அமிலம் கூடியிருப்பதால் மட்டும் கவுட், அதாவது அந்த அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம், ஆகிவிடாது. கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த அளவு சரியாகவும் காட்டும். ஏ.எஸ்.ஓ. கூடியிருந்தால் எப்போதோ தொண்டையில் கிருமி வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து யாராவது ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி ஆரம்பித்தால், வேறு என்ன அறிகுறியைப் பார்த்தீர்கள் என்று கேள். ஆர்.ஏ. ஃபாக்டர், ஆர்.ஏ. என்கிற முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நாலைந்து பேரில் ஒருவருக்கு வராது, நோய் இல்லாத சிலருக்கு வரும். ஆன்ட்டி சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையை அதைவிட நம்பலாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் சரியாக இருந்துகொண்டே மூட்டு அழற்சி நடப்பதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

காகிதத்தைவிட நீ சொல்லும் விவரம்தான் டாக்டருக்கு உதவும். அதனால் ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதிவை. கண் விழித்தது எத்தனை மணி, உடம்பின் பிடிப்பு விட்டது எத்தனை மணி. அரை மணிக்குள் விட்டுவிட்டு, நாள் முழுக்க வேலை செய்தபின் வலி கூடி, படுத்தால் குறைந்தால் அது பெரும்பாலும் தசைநாரோ, தேய்வோ, உட்காரும் விதமோ. அரை மணிக்கு மேல் பிடிப்பு நின்று, நடமாடினால் குறைந்து, படுத்தால் கூடினால் அது பெரும்பாலும் அழற்சி. இந்த இரண்டையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கடிகாரம் பார்த்து எழுதிவை, ஞாபகத்தை நம்பாதே.

காய்ச்சல் ஏதும் வந்து போனதா? சிக்குன்குனியா என்றால் காய்ச்சல் சில நாளில் விட்டாலும் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும். சின்னக் குழந்தைகளிடமிருந்து ஒட்டும் பார்வோ வைரஸும் பெரியவர்களின் விரலையும் மணிக்கட்டையும் பிடிக்கும். மற்ற வைரஸ் வலியெல்லாம் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. முடக்குவாதமாக இருந்தால் முதல் சில மாதங்களில் மருந்து ஆரம்பிப்பதுதான் மூட்டைக் காப்பாற்றும். கையை விரித்துப் பார். விரல் தொடங்கும் கணு வரிசையைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினால் வலிக்கிறதா? இரண்டு கையிலும் ஒரே மாதிரியா? இல்லை என்று நினைக்கிறேன், உன் கை எனக்குத் தெரியும். நகத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழிகள், ஒரே ஒரு விரல் முழுக்கத் தடித்துப்போவது, தலையிலோ காதுக்குப் பின்னாலோ செதில் உதிர்வது இருந்தால் அது சொரியாசிஸ் வாதமாக இருக்கலாம்.

வெயில் படாத வேலை உனக்கு. வைட்டமின் டி குறைந்தால் மூட்டைவிட எலும்புதான் நோகும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை அழுத்தினால் சுள்ளென்று இருக்கும், படி ஏறினால் தொடை சோரும். ரத்தத்தில் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. அதற்காக ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளாதே, கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தைராய்டையும் ஒரு தடவை பார்க்கட்டும்.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால் மூட்டும் முதுகும் வலிக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை குதிகால் நாரைத் தாக்கும். உடற்பயிற்சி செய்யும் இடத்தில் தரும் பெயரில்லாத பொடி, வலி பறந்துவிடும் என்று பொட்டலத்தில் தரும் மாத்திரை, இரண்டிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வலி அடங்கும், உள்ளே இருக்கும் நோய் மறைந்துகொள்ளும். நாளடைவில் தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போகவும் கூடும். அப்போது வலி தொடை இடுக்கில் வரும், ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். ஏற்கெனவே நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதே, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்ததை நான் கேட்கப்போவதில்லை, நீயும் எனக்குச் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் சொல். வயிற்றுப்போக்குக்குப் பிறகோ, உடலுறவு வழியாக வந்த தொற்றுக்குப் பிறகோ ஒன்றிலிருந்து நாலு வாரத்தில் முழங்காலும் கணுக்காலும் வீங்கலாம், சிறுநீர் எரியலாம், கண் சிவக்கலாம். அந்தத் தொற்றுக்குப் பரிசோதனை உண்டு, மருந்து உண்டு. வெட்கப்பட்டு அதை மட்டும் மறைத்தால் டாக்டர் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார். நீ வளர்ந்த பிள்ளை, எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்து, காலை ஊன்ற முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவானாலும் சரி. மூட்டுக்குள் சீழ் இருந்தால் சில நாளில் குருத்தெலும்பை அரித்துவிடும். ஊசியால் மூட்டு நீரைப் பரிசோதனைக்கு எடுத்தவுடன் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பார்கள்.

இவ்வளவும் எழுதி எதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். பெரிய மாமாவையும், அவர் முதுகெலும்பை இறுக வைத்த ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதுகும் வலித்தால் ஐந்து கேள்வி. அந்த வலி நாற்பது வயதுக்கு முன் ஆரம்பித்ததா? எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மெல்ல வந்ததா? நடமாடினால் குறைகிறதா? ஓய்வெடுத்தாலும் குறையாமல் இருக்கிறதா? இரவில் எழுப்பி, எழுந்து நடந்தால் இறங்குகிறதா? மூன்று மாதத்துக்கு மேலான முதுகுவலியில் இதில் நாலுக்கு ஆம் என்றால் அது முதுகெலும்பு அழற்சி மாதிரி வலி. அந்த மூன்றரை மணி எனக்கு அதனால்தான் உறுத்துகிறது. பிட்டத்தில் ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் என்று மாறி வலிக்கிறதா? தும்மினால் நெஞ்சுக்கூடு நோகிறதா? போன வருடம் ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் கூசி, கம்ப்யூட்டரால் என்றாயே. அது மறுபடி வந்தால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதே, மறுநாளைக்குள் கண் டாக்டர் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் அழற்சியாக இருந்தால் பார்வையே பாதிக்கும்.

வீட்டிலேயே மூன்று அளவு எடுக்கலாம். குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நில். மோவாயைத் தூக்காமல் பின்தலை சுவரைத் தொட வேண்டும். அடுத்தது, மார்புக் காம்பு மட்டத்தில் டேப் சுற்றி, மூச்சை முழுக்க விட்டு ஒரு அளவு, முழுக்க இழுத்து ஒரு அளவு. வித்தியாசம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் குறைவு. மூன்றாவதற்கு ஒரு நண்பன் வேண்டும். இடுப்புக்குப் பின்னால் இரண்டு குழி இருக்கும், அவற்றின் நடுவில் ஒரு கோடு, அதற்கு 10 செ.மீ. மேலே ஒரு கோடு. முட்டி மடக்காமல் குனிந்தால் அந்த 10 குறைந்தது 15 ஆக நீள வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது, ஆரம்பத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைய அளவு கையில் இருந்தால் ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம்.

பதினேழு வயதில் இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்று அழுதாய். ஷூ சரியில்லை என்றேன். தெரியாமல் சொல்லவில்லை தம்பி. நார் எலும்போடு சேரும் இடத்தில் அப்படி வலித்தால் என்னவாக இருக்கலாம் என்று தெரிந்தே சொன்னேன். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் நிறுத்தியிருப்பேன். என் பிறந்த வீட்டிலிருந்து உனக்கு அது வந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன், அதனால் பார்க்காமல் விட்டேன். மாமாவுக்கு என்ன என்று அப்பா கேட்டபோதும் தேய்மானம் என்றே சொல்லிவைத்தேன். இன்று வரை அவருக்கு அதுதான் தெரியும். நீ வலியை மறைக்கிறாய் என்று திட்ட எனக்கு வாய் இல்லை.

டாக்டரிடம் முதலில் மாமாவைச் சொல். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூறுக்கும் மாமாவின் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973லேயே தெரிந்துவிட்டது. அது என்னிடம் இருந்தால் உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வராது. அதனால் வலி இல்லாத அக்காவைப் பரிசோதனைக்கு இழுக்காதே.

எலும்பு டாக்டரிடம் மட்டும் போய் நிற்காதே, வாத நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரைப் பார். இடுப்பு முதுகை மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் டிஸ்க் சற்று பிதுங்கியிருக்கிறது என்று வரும். வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி வரும். அதில்தான் வருடங்கள் போய்விடும். முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டை எடுக்கச் சொல்லிக் கேள். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில வருடம் ஆகும், எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது முன்னதாகவே தெரியும்.

வலி மாத்திரையை நீயாகப் போடாதே. டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் சேர்த்து ஒருநாளும் போடாதே. மலம் கறுப்பாகப் போனால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் சொன்ன முழு அளவில் போட்டு ஓரிரு நாளில் வலி நன்றாக இறங்கினால் அதுவும் ஒரு துப்பு, அதை எழுதிவை. மாமாவுக்கு அந்த மாத்திரைகள்தான் இருந்தன. 2003லிருந்து இந்த நோய்க்கும் ஊசிகள் வந்துவிட்டன. போடும் முன் மறைந்திருக்கும் காசநோய்க்குப் பரிசோதிப்பார்கள், பயந்துகொள்ளாதே. மாமாவைப் போல ஆகிவிடுவாய் என்று நினைத்துத்தான் டாக்டரிடம் போகாமல் இருக்கிறாய் என்றால், அந்தக் காலம் போய்விட்டது.

சிகரெட்டை விடு. விட்டுவிட்டேன் என்று சொல்லாதே, விடு. அது முதுகெலும்பு இறுகுவதை வேகப்படுத்தும். தலையணை மெல்லியதாக இருக்கட்டும். தினமும் கால் மணி நேரம் குப்புறப் படு. நாற்காலியில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. நீச்சல் நல்லது. முதுகை முறித்துச் சொடக்கெடுக்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதே.

கடிகாரம் பார்த்து எழுதிவை. சுவரில் நின்று பார்த்துத் தலை தொட்டதா இல்லையா என்று ஒரு வார்த்தை அனுப்பு. மூன்றரை மணிக்கு அனுப்பினாலும் சரி, நான் விழித்துத்தான் இருப்பேன். மாமாவைப் பற்றி இன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்.

அம்மா