வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, தருமபுரி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான நமது வட்டத்தின் நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதம் ஒன்றாக 12 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். 11 நடந்தன. அக்டோபர் கூட்டம் மழையில் போயிற்று. அன்றும் மூன்று பேர் குடையோடு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று புத்தகம் பேசிவிட்டுப் போனார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சாவி என்னிடம் இருந்தது. வருந்துகிறேன்.

இந்த ஆண்டு மர்மக் கதைகளையும் சரித்திரக் கதைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். அவரவர் அப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து பத்து நிமிடம் பேச வேண்டும். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. விதி சின்னதுதான், காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஜூன் கூட்டத்தில் ஒருவர், அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட நாவலைப் பற்றிப் பேசும்போது ஆர்வ மிகுதியில் கொலையாளியையே காட்டிக்கொடுத்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் அதே நாவலைப் பாதி படித்திருந்தார். ஒன்றும் பேசாமல் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டார். அன்று முதல் முடிவைச் சொல்பவர் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. இதுவரை நான்கு முறை வசூலாகியிருக்கிறது. இரண்டு முறை என்னிடம்.

சரித்திரக் கதைக்கு வந்தபோது இந்த விதி ஆட்டம் கண்டது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பது யாருக்குத் தெரியாது? 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னை இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் படித்த ஒருவர், ஐந்து பாகம் படித்தும் குத்தியது யார் கை என்று கல்கி உறுதியாகச் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். நமது மூத்த உறுப்பினரான தமிழாசிரியை அம்மா அடுத்த மாதமே காட்டுமன்னார்கோயில் கோயில் கல்வெட்டின் வாசகத்தைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைக் கல்லே சொல்கிறது. அவர்களுடைய உறவினரின் உடைமை உட்படப் பறிமுதல் செய்யச் சொல்லும் அரசாணை அது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் அதில் இல்லை. “அந்த ஏன் இருக்கிறதே, அதுதான் நாவல்காரனுக்குக் கிடைத்த பட்டா நிலம்” என்றார் அம்மா. அன்றைய கூட்டம் இரவு ஒன்பது மணி தாண்டியது. எனக்கு இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான்.

அங்கிருந்து பேச்சு நம்மூருக்குத் திரும்பியது. சோழர் கதைகள் அலமாரி நிறைய இருக்கின்றன, தகடூர் என்று அன்று பெயர் பெற்ற நம்மூரை ஆண்ட அதியமானுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சேரனுக்கும் அதியமானுக்கும் நடந்த போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களில் தப்பிய சில பாடல்கள்தாம் மிச்சம். கடைசிப் பக்கம் கிழிந்த மர்ம நாவல் எல்லோரும் படித்திருப்போம். இதில் நடுவில் சில பக்கங்களைத் தவிர எல்லாமே கிழிந்திருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போன காட்சியையாவது புறநானூறு காப்பாற்றியது. நெய் பூசி மாலை சூட்டிக் காவலில் வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்து, எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்திய துணிச்சலை எந்தத் துப்பறிவாளனிடம் பார்த்தோம்? எழுதுவதாக இருவர் முன்வந்திருக்கிறார்கள். ஒரு பக்கமும் இதுவரை வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பாலக்கோட்டு உறுப்பினர் தம் தாயார் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த சரித்திரத் தொடரைக் கொண்டுவந்தார். காலண்டர் அட்டையை மேலட்டையாக வைத்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்த பைண்டிங். ஓரத்தில் பசைக்குப் பதில் சோற்றுப் பருக்கையின் தடம். கடைசி இரண்டு வாரம் மட்டும் அதில் இல்லை. அப்போது அவருடைய தாயார் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பிறந்தவர் நமது உறுப்பினரேதான். தொடர் இப்போது புத்தகமாகவே கிடைக்கிறது, வாங்கித் தரட்டுமா என்று பொருளாளர் கேட்டனுப்பினார். இத்தனை வருடமாகத் தானே ஒரு முடிவு வைத்திருப்பதாகவும் அதைக் கெடுக்க வேண்டாம் என்றும் அந்தத் தாயார் சொல்லிவிட்டார். டீ அபராதம் அவருக்குப் பொருந்துமா என்று இன்னும் முடிவாகவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும். இரவல் போன புத்தகங்களில் மூன்று திரும்பவில்லை.

அடுத்த கூட்டம் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு. கதவுச் சாவியைப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

செயலாளர்