மரியாள் வேடம் யாருக்கு?

நீலகிரித் தோட்டப் பகுதித் திருச்சபைகளின் குருசேகரக் குழுவினருக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் மரியாளுக்கும் தேவதூதனுக்கும் நிறமான பிள்ளைகளைத் தேடுகிறோம். கறுத்த பிள்ளைக்கு மேய்ப்பன் வேடம், இல்லையென்றால் ஏரோதின் சேவகன். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, தெரியும். ஆனால் கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளை, "மரியாளுக்கு நான் சரிப்படமாட்டேன் டீச்சர்" என்று தானாகவே ஒதுங்குகிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, சிறு பிள்ளைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்துக் கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளையைத்தான் நல்ல பொம்மை என்றார்கள்.

நம் மலையில் நிறத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 1948-இல் இலங்கையில் குடியுரிமை பறிபோய், இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறி வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அங்கே 'தோட்டக்காட்டான்', இங்கே 'சிலோன்காரன்'. கேட்டுக் கேட்டு எங்கள் பாட்டிமாருக்கே அது உள்ளே இறங்கிவிட்டது. பேத்தி பிறந்ததும், எந்த நிறத்தில் வருவாளோ என்று காது மடலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வரனுக்காக எழுதித் தரும் ஜெபக் குறிப்பிலும் 'நல்ல நிறம்' இருக்கிறது.

இதைப் பேசினால் "கர்த்தருக்கு முன்னால் எல்லாரும் ஒன்று" என்று வாயை அடைத்துவிடுகிறீர்கள். வேதம் அப்படி அடைக்கவில்லையே! உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில், கறுப்பாயிருந்தாலும் நான் அழகு என்கிறாள் ஒருத்தி. வெயில் பட்டதையும், உடன்பிறந்தவர்களே கோபத்தில் தன்னைத் திராட்சத்தோட்டத்துக்குக் காவல் வைத்ததையும் ஒளிக்காமல் சொல்கிறாள். தோட்டத்து வெயிலில் கறுத்த எங்கள் அம்மாமாருக்கு இதைவிட நெருக்கமான வசனம் எது? அதை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

ஜெபத்தில் இந்த வெட்கம் குணமாகும் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் சொல்லவே விடாத காயத்துக்கு எப்படி ஜெபிப்பது?

நாடக வேடங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நிறம் கேட்கும் ஜெபக் குறிப்பை வாசிக்காதீர்கள். அப்புறம், ஒரு ஞாயிறு லைன் வீட்டுப் பெரியவர்களைச் சாட்சி சொல்லக் கூப்பிடுங்கள். கப்பலில் வந்ததையும், வந்த இடத்தில் கேட்ட வசையையும், அதற்குள் கர்த்தர் தங்களை எப்படி நடத்தினார் என்பதையும் பேரப்பிள்ளைகள் முன்னால் அவர்கள் சொல்லட்டும். அன்றைக்கு மட்டும் நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத்து விசுவாசி ஒருத்தி