தமிழாசிரியர்களுக்கு அரைப் பக்கம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ் கற்பிக்க இணையத்தில் என்னென்ன கிடைக்கிறது என்று சென்ற வாரம் உங்கள் இதழில் ஒரு பட்டியல் வந்திருந்தது. அதை வெட்டி எங்கள் ஆசிரியர் அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கூடவே ஒன்று சொல்லத் தோன்றியது. இணையதள முகவரிகள் எங்களுக்கு வாட்ஸப்பில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு அச்சிட்டிருந்தார்கள். முதல் பாடவேளையில் நாற்பது பிள்ளைகளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் யாரும் எழுதுவதில்லை.

நான் செய்யாறு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். ல, ள, ழ மூன்றும் எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரே ஒலியாகத்தான் இருந்தன. ஒருநாள் என் கைப்பேசியில் குரல் தட்டச்சைத் திறந்து, ஒவ்வொருவராக வந்து 'மழை' என்று சொல்லச் சொன்னேன். திரையில் 'மலை' என்று விழுந்ததும் வகுப்பே சிரித்தது. சொன்ன பையனும் சிரித்துவிட்டு, நாக்கை மடித்து மறுபடி சொன்னான். நான் திருத்தினால் முகம் சுருங்கும் பிள்ளை, திரையில் தப்பாக வந்தால் தானே இன்னொரு தடவை முயல்கிறது. அடுத்து புளி, புலி. பிறகு கிளி, கிழி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முழு வாக்கியமாகச் சொன்னால் மற்ற சொற்களைப் பார்த்துக் கைப்பேசியே சரியான சொல்லைப் போட்டுவிடும், உச்சரிப்புப் பிழை வெளியே தெரியாது. அதனால் தனிச்சொல்லாகவே கொடுக்க வேண்டும். சில சமயம் பிள்ளை சரியாகச் சொல்லியும் திரையில் தப்பாக வரும். அப்போது வகுப்பே தீர்ப்பு சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். காது கூர்மையாவது அந்த வாதத்தில்தான்.

இன்னொரு பாடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்தில் வீட்டில் நெல்லை எதில் கொட்டி வைத்தார்கள் என்று பாட்டி, தாத்தாவிடம் கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் கரும்பலகையில் நான்கு சொற்கள் சேர்ந்தன. குதிர், தொம்பை இரண்டும் உடனே வந்தன. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பெண் 'குலுக்கை' என்றாள். அம்மா வழியில் தஞ்சாவூர்க்காரப் பையன் 'பத்தாயம்' என்றான். அப்புறம் நான்கையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தேடினோம். 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக அச்சான அந்த அகராதியை இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தன் பாட்டி சொன்ன சொல் அவ்வளவு பெரிய புத்தகத்தில் இருக்கிறது என்று கண்டதும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மண்ணில் செய்தால் குதிர், மரத்தில் செய்தால் பத்தாயம் என்று பேச்சு வளர்ந்து, பாடவேளை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வட்டார வழக்கு என்றால் என்ன என்று அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டோரிவீவர் தளத்தின் படக்கதைகளும் இப்படித்தான். எழுத்தை மறைத்து, படத்தை மட்டும் காட்டி, பிள்ளைகளை உரையாடல் எழுதச் சொல்லலாம். கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்துக் கொடுக்கவும் தடையில்லை. பழைய இலக்கியம் வேண்டுமென்றால் 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. இரவே வீட்டில் பதிவிறக்கி வைத்துக்கொள்கிறேன். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு இந்தச் சின்ன விஷயத்தைக்கூட யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு தமிழாசிரியர், ஒரு பாடம். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்தத் தளத்தில் எதை எடுத்தார், எவ்வளவு நேரம் ஆனது, எங்கே சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றினார் என்று எழுதட்டும். சொதப்பியதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பயிற்சி வகுப்புகளில் வெற்றி பெற்ற பாடங்களை மட்டுமே கேட்டுவிட்டு வந்து, நம் வகுப்பில் அது நடக்காதபோது, குறை நம்மிடம்தான் என்று எத்தனையோ பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களும், கனடாவில் வார இறுதி வகுப்பு நடத்துபவர்களும் எழுதினால் இன்னும் நல்லது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையை எப்படிப் பேச வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில வழிப் பிரிவில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அது உடனே உதவும்.

முதல் வாரத்துக்கு நெல் கொட்டும் குதிர்ப் பாடத்தை நானே எழுதித் தருகிறேன். பிள்ளைகள் வரைந்த படங்களும் இருக்கின்றன.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்