அப்பாவைப் பார்த்துக்கொண்ட இரவுப்பணி சிஸ்டருக்கு

பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, வார்டில் பலருக்கும் அப்பா ஒரு படுக்கை எண்தான். நீங்கள் மட்டும் "ஐயா, இப்போ திருப்பிப் படுக்க வைக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவரைத் தொட்டீர்கள். பதில் சொல்ல வராவிட்டாலும் அவருக்கு எல்லாம் புரிந்தது.

படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, குதிகால், இடுப்பு என்று எலும்பு அழுத்தும் இடங்களை டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள். உடை மாற்றும்போது திரையை இழுத்துவிட ஒருநாளும் மறக்கவில்லை. தன் உடம்பைத் தானே மறைத்துக்கொள்ள முடியாத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடலாம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அப்புறம் காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டீர்கள். அம்மா அழுதபோது, அவர் கையை எடுத்து அப்பாவின் இடது கைக்குள் வைத்து, "இந்தப் பக்கம் உணர்வு நல்லா இருக்கு, பிடிச்சுக்கோங்கம்மா" என்றீர்கள். அப்பா விடவே இல்லை.

திடீரென்று வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதால் உங்களிடம் நேரில் சொல்ல முடியவில்லை. அப்பா இப்போது தடி ஊன்றி நடக்கிறார், சிஸ்டர். எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.