பேச்சாளர் வந்த வழியையும் நிகழ்ச்சி நிரலில் போடுங்கள்

சென்னையில் வலை நிரலாக்க மாநாடுகள் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் மாநாடுகளுக்குத் தவறாமல் வருகிறவர்களில் நானும் ஒருவன். சனிக்கிழமை காலைக்கு ஓர் அரங்கம் பிடித்து, ஸ்பான்சர் தேடி, வைஃபை முதல் சாப்பாடு வரை சமாளிப்பது லேசான வேலை இல்லை. உங்களில் பலர் அலுவலக வேலைக்கு மேல், சம்பளம் இல்லாமல்தான் இதைச் செய்கிறீர்கள். அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

பேச்சாளர்களை நீங்கள் அறிமுகப்படுத்தும் விதம் மாற வேண்டும். அதற்குத் தகுந்தபடி அவர்களைத் தேர்ந்தெடுக்கும் விதமும் மாற வேண்டும்.

இப்போது நிகழ்ச்சி நிரலில் வட்டமாக வெட்டிய ஒரு போட்டோ இருக்கிறது. கீழே பெயர், அதற்குக் கீழே ‘சீனியர் ஸ்டாஃப் இன்ஜினியர்’, பக்கத்தில் கம்பெனி லோகோ. குறிப்பில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் என்றும், பயணமும் காபியும் பிடிக்கும் என்றும் இருக்கும். அவர் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது இதில் தெரிகிறது. அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பது தெரிவதில்லை. பேச விரும்புவோர் நிரப்பும் படிவமும் இதே மாதிரிதான். நிறுவனம், பதவி இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறது, நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. குழந்தை பிறந்து மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது ஃப்ரீலான்ஸாகத் தளங்கள் செய்து கொடுக்கும் ஒருவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? பாதியில் மூடிவிட்டுப் போய்விடுவார். அவர் வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பேச்சாளரின் தொழில் வழியைத் தெரிந்துகொள்ளாமல் அவர் சொல்லும் அறிவுரையை எடை போட முடியாது. ஒருவர் மைக்ரோ ஃப்ரண்ட்எண்ட் பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தளத்தில் பல குழுக்கள் வேலை பார்க்கும்போது, ஒரு குழுவின் ரிலீஸுக்காக இன்னொரு குழு காத்துக் கிடக்கும் தொல்லையைத் தீர்க்க, பயனர் பார்க்கும் முன்பக்கத்தை (ஃப்ரண்ட்எண்ட்) துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாக வெளியிடும் முறை அது. அப்படிப்பட்ட இடங்களில் மட்டுமே வேலை பார்த்தவருக்கு அது வெகு இயல்பாகத் தோன்றும். கேட்டுக்கொண்டிருப்பவரோ அம்பத்தூரில் ஐந்து பேர் கொண்ட கம்பெனியிலிருந்து வந்தவர். திங்கட்கிழமை போய் அதே முறையில் இறங்கினால், மாதக்கணக்கில், தளத்தைக் கட்டித் தரும் பில்ட் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பேச்சாளர் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அவர் எந்தச் சூழலில் நின்று பேசுகிறார் என்பதை மட்டும் யாரும் கேட்பவருக்குச் சொல்லவில்லை.

நாம் தினமும் கையாளும் கருவிகளையே பாருங்கள். பைத்தான் மொழியில் தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் தொடங்கி 2005-ல் பொதுவில் வெளியானது. அதைத் தொடங்கிய இருவரில் அட்ரியன் ஹோலோவாட்டி இதழியல் படித்தவர். சைமன் வில்லிசன் படிப்புக்கு நடுவே ஒரு வருடப் பயிற்சிக்காக இங்கிலாந்திலிருந்து வந்திருந்த மாணவர். காலையில் செய்தியறை கேட்கும் பக்கம் அன்றைக்கே தயாராக வேண்டும், நிரல் எழுதத் தெரியாத நிருபர்கள் அதில் தாங்களே தகவல் ஏற்ற வேண்டும். ஜாங்கோவில் தகவல் ஏற்றும் அட்மின் பகுதி தானாகவே உருவாகி வருகிறதே, அதற்குக் காரணம் இந்த நெருக்கடிதான். இது தெரிந்தால், ஜாங்கோ எந்த வேலைக்குப் பொருந்தும், எங்கே திணறும் என்று பாதி புரிந்த மாதிரி.

வலைப்பக்க இடைமுகம் கட்டும் ஸ்வெல்ட் என்ற கருவியை உருவாக்கிய ரிச் ஹாரிஸ் பத்திரிகையாளர். கார்டியனிலும் பிறகு நியூயார்க் டைம்ஸிலும் செய்திகளுக்கான ஊடாடும் படங்கள் செய்தவர். சுமாரான போனில் செய்தி படிக்கிற வாசகரை மனதில் வைத்தவருக்கு, பிரௌசருக்குப் போகும் நிரல் (கோடு) சின்னதாக இருக்க வேண்டும் என்ற கவலை வருவது இயல்பு. அதே வகைக் கருவியான வியூவை உருவாக்கிய எவன் யூ கலையும் கலை வரலாறும் படித்து, பிறகு நியூயார்க்கில் வடிவமைப்பு படித்தவர். ராஸ்மஸ் லெர்டார்ஃப், தளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியின் முதல் வடிவத்தை 1994-ல் எழுதியது, இணையத்தில் போட்ட தன் ரெஸ்யூமேவை யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கத்தான். ரயன் டால் கணிதத்தில் முனைவர் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட வைக்கும் நோட் ஜேஎஸ்ஸை 2009-ல் பெர்லினில் ஜேஎஸ்கான்ஃப் ஈயூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டு மேடையில் காட்டினார். 2018-ல் அதே மாநாட்டுக்குத் திரும்ப வந்து, நோட் வடிவமைப்பில் தான் வருந்தும் 10 விஷயங்களை வரிசையாகப் பேசினார். எந்தப் பதவிப் பெயருக்காகவும் அந்த உரையை யாரும் கேட்கவில்லை. தான் நடந்த பாதையைத் தானே திரும்பிப் பார்க்கிற ஒருவரின் பேச்சு என்பதுதான் அதன் பலம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ ஆக்ஸ்ஃபோர்டில் படித்ததும் இயற்பியல்தான்.

நம் வரலாறும் இப்படித்தான். தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரான சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஆசிரியர், எழுத்தாளர். 1998 பொங்கலன்று, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசானில் பணியாற்றிய வேதியியலாளர். 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தபோது மொழி அறிஞர்களும் அரசு அதிகாரிகளும் நிரலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். அதன் வழியாக வந்த விசைப்பலகையில்தான் இன்றும் பலர் தமிழ் தட்டச்சு செய்கிறோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு மட்டும்தான் மேடை என்று அன்றைக்கு முடிவெடுத்திருந்தால் அது நடந்திருக்காது.

சரி, இன்றைய சென்னைக்கு வருவோம். பழைய மகாபலிபுரம் சாலையில் வலை நிரல் எழுதுபவர்களில் எத்தனை வகை மனிதர்கள்! மெக்கானிக்கல், சிவில் படித்துவிட்டு கோர் கம்பெனி கிடைக்காமல் கேம்பஸில் ஐடிக்கு வந்தவர்கள். டெக் சப்போர்ட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்து, டிக்கெட்டுகளைப் பிரிக்கச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதப் போய் டெவலப்பர் ஆனவர்கள். மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து வந்தவர்கள். மெயின்ஃப்ரேமில் பல வருடம் கோபால் (COBOL) என்ற பழைய மொழியில் நிரல் எழுதிவிட்டு நாற்பது வயதுக்கு மேல் வலைப்பக்கக் கருவியான ரியாக்ட் கற்றவர்கள். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த மாணவர்களை நேரடியாக எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கும் முறையை ஜோஹோ இதே நகரத்தில் இருபது வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்படி வந்தவர்கள் இன்று பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள். ஆனால் மேடையில் ஏறும்போது இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். பழைய பாதையைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

இதில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் பக்கம் கட்டி, எந்தப் பகுதி என்ன என்று குறிக்கும் எக்ஸ்எம்எல் டேக் போட்டுக் கொடுக்கும் கம்பெனிகள் சென்னையில் பல வருடங்களாக இருக்கின்றன. அங்கே எங்கோ ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரைக்கு, இங்கே ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் டேக் போடுகிறார். உள்தலைப்பு, அடிக்குறிப்பு, அட்டவணை, சமன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேக், ஒன்று பிசகினாலும் சரிபார்க்கும் மென்பொருளான வேலிடேட்டர் திருப்பி அனுப்பிவிடும். என் பழைய டீமில் இருந்த தோழி அங்கிருந்து ஃப்ரண்ட்எண்டுக்கு வந்தவர், பிஎஸ்சி கணிதம். கோடு ரிவ்யூவில் நாங்கள் எழுதிய அட்டவணை வந்தாலே நிறுத்திவிடுவார். முதல் வரிசையை வெறுமனே தடித்த எழுத்தில் போட்டிருப்போம். “இது தலைப்பு வரிசைன்னு பாக்குறவங்களுக்குத் தெரியும், கேக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார். டிடி (சாதாரணக் கட்டம்) என்று இருந்ததை டிஹெச் (தலைப்புக் கட்டம்) ஆக்கி, அது எதற்குத் தலைப்பு என்று சொல்லும் ஸ்கோப் சேர்த்து, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டுக் காட்டுவார். அதுவரை 42, 17, 63 என்று வெறும் எண்களாக வாசித்துக்கொண்டிருந்த கருவி, அப்புறம் ‘கட்டணம், 42’ என்று தலைப்போடு சேர்த்து வாசிக்கும். அதைக் காதால் கேட்ட பிறகு எங்கள் டீமில் ஒருவரும் அந்தத் தவறைத் திரும்பச் செய்யவில்லை.

வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்லின் ஆரம்ப டேக்குகளில் பெரும்பாலானவை, அதற்கு முந்தைய ஆவணக் குறியீட்டு முறையான எஸ்ஜிஎம்எல் வழக்கத்திலிருந்து வந்தவை. எஸ்ஜிஎம்எல் 1986-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகிவிட்டது. ஆவணத்துக்கு டேக் போடும் அந்த வேலை வலையின் தாய்வீடு. ஆனாலும் அந்தத் தோழி ஒரு மேடையிலும் ஏறியதில்லை. டேக் போட்ட அந்த ஏழு வருட வேலையை லிங்க்ட்இன்னிலிருந்தே எடுத்துவிட்டார். இன்டர்வியூவில் அதைப் பார்த்துவிட்டு “அப்போ நான்-டெக்னிக்கலா?” என்று கேட்கிறார்களாம். மாநாட்டு மேடைகளில் அப்படி வந்தவர்கள் நாலு பேர் வெளிப்படையாகப் பேசியிருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கே கொஞ்சம் யோசனை வந்திருக்கும்.

நிறுவனமும் பதவியும் கட்டாயம் என்பதைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘இந்த விஷயத்தை எங்கே, எப்படிச் செய்து கற்றீர்கள்?’ என்று கேளுங்கள். முதல் சுற்றில் தேர்வுக் குழுவுக்குப் பெயரையும் கம்பெனியையும் காட்டாதீர்கள், இந்தப் பதிலையும் உரைச் சுருக்கத்தையும் மட்டும் காட்டுங்கள். 2012-ல் பெர்லினில் ஜேஎஸ்கான்ஃப் ஈயூ அமைப்பாளர்கள் இப்படிப் பெயரை மறைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு முன்பே பெண்களைத் தேடிப் போய் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அந்த வருடம் பேச்சாளர்களில் கால்வாசிப் பேர் பெண்கள். மறைப்பது மட்டும் போதாது, தேடிப் போகவும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். யார் என்று மறைத்துவிட்டு எப்படி வந்தார் என்று கேட்பது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. லோகோவைப் பார்த்து மயங்காமல் இருக்க ஒன்று, அறிவுரையின் எல்லையைத் தெரிந்துகொள்ள இன்னொன்று.

அறிமுகக் குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன்: ‘மெக்கானிக்கல் டிப்ளமோ. இரண்டு வருடம் சப்போர்ட் டெஸ்க். ஜாவாஸ்கிரிப்ட் கற்றது அங்கேதான். இப்போது ஆறு பேர் குழு, மாதம் பத்தாயிரம் பேர் வரும் தளம்.’ இவ்வளவு போதும். பின்வரிசையில் இருக்கும் கல்லூரி மாணவிக்கு, ‘இந்த வழியிலும் வரலாம் போலிருக்கிறதே’ என்று தெரியும். சின்னக் கம்பெனிக்காரருக்கு, ‘இவர் சொல்வதை நாமும் செய்து பார்க்கலாம்’ என்று தெரியும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பின்னணி என்றதும் குடும்பம், சாதி, வருமானம் என்று போய்விடக் கூடாது. நான் கேட்பது தொழில் வழி மட்டும்தான், அதையும் எவ்வளவு சொல்வது என்பது பேச்சாளரின் விருப்பம். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதையாக அதை மாற்றிக் கைதட்டல் வாங்குவதும் வேண்டாம். அவர் சப்போர்ட் டெஸ்கில் என்ன கற்றார், அது இன்று எழுதும் கோடில் எங்கே இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

பெரிய பெயர்கள் இருந்தால்தான் டிக்கெட் விற்கும், ஸ்பான்சர் வருவார் என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான கவலைதான். ஸ்பான்சருக்கு ஒரு நேரம் கொடுங்கள், ஆனால் அது ஸ்பான்சர் உரை என்று நிரலில் தெளிவாகப் போடுங்கள். மற்ற நேரங்களை விற்காதீர்கள். 2019-ல் பைத்தான் மொழிக்கான மாநாடான பைகான் இந்தியா சென்னையில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. கணினி ஆர்வலர்கள் கூடிப் பேசும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிது இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் பல வருடங்கள் கூட்டங்கள் நடத்தியிருக்கிறது. அங்கே யாரும் கம்பெனி அட்டையைக் கேட்டு உள்ளே விட்டதில்லை.

தமிழில் பேச விரும்புவோருக்கும் இடம் கொடுங்கள். கேள்வி நேரத்தில் தமிழில் கேட்கலாம் என்று தொகுப்பாளர் முதலிலேயே சொன்னாலே போதும், எழும் கைகளின் எண்ணிக்கை கூடும். டெவலப்பர் அல்லாத ஒருவரையும் ஒவ்வொரு மாநாட்டுக்கும் அழையுங்கள். இ-சேவை மையத்தில் நாள் முழுக்க மற்றவர்களுக்காக அரசுப் படிவங்களை நிரப்புகிறவர், போட்டோவைக் கேட்ட கேபி (கிலோபைட்) அளவுக்குள் சுருக்கத் தெரியாமல் எத்தனை பேர் அவரிடம் வருகிறார்கள் என்று அரை மணி நேரம் பேசட்டும். பார்வையற்ற பயனர்களையும் மேடைக்கு அழையுங்கள். என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை 2006-ல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்ற நிரலாளர் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதல் முறை பேச வருகிறவர்களுக்குத் துணை வேண்டும். உரைச் சுருக்கம் எழுதுவதிலும், ஸ்லைடு தயாரிப்பதிலும், ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்வதிலும் உட்கார்ந்து உதவ நான் தயார். என்னைப் போல இன்னும் சிலரையும் அழைத்து வர முடியும். அடுத்த மாநாட்டுக்கான அழைப்பை வெளியிடும் முன் அந்தப் படிவத்தின் வரைவை எங்களுக்கு ஒருமுறை காட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்தே திருத்திவிடலாம்.

அன்புடன்,
பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் ஒரு வலை நிரலாளர்