பார்டோக்கைப் பரிதாபமா காட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக்கோட தனி வயலின் சொனாட்டா, அதாவது வேற துணை இல்லாம ஒரே வயலினுக்குன்னு எழுதின இசைப் படைப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ்ல இந்த மாதிரி விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கினதுக்கே முதல்ல நன்றி. ஆனா கட்டுரை போற போக்கு எனக்கு மனசுக்கு ஒப்பல. நாட்ட விட்டு வந்த மனுஷன், கையில காசு இல்ல, உடம்புல ரத்தப் புற்றுநோய், அப்ப வயலின் கலைஞர் மெனுஹின் வந்து கைதூக்கி விட்டாரு, அந்த சோகம்தான் வயலின்ல அழுவுதுன்னு கடைசி வரைக்கும் இதே பாட்டுதான். நோயும் கஷ்டமும் உண்மை, 1943 தொடக்கத்துல அவர் எடை சுமார் 40 கிலோவுக்கு இறங்கிடுச்சு, அதுக்காக அந்த சொனாட்டாவ ஒப்பாரின்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல.

அவர் ஏன் நாட்ட விட்டு கிளம்பினாருங்கறத கட்டுரையில ஒரே வரியில தாண்டிட்டாங்க. விஷயமே அங்கதான் இருக்கு. பார்டோக் யூதர் இல்ல, ஹங்கேரியில பேரும் மரியாதையும் இருந்துச்சு, வாய மூடிட்டு இருந்திருந்தா புடாபெஸ்ட்லயே காலத்த ஓட்டியிருக்கலாம். 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவ புடிச்சப்புறம் வியன்னாவுல இருந்த அவரோட பதிப்பகம் ஆரிய வம்சம்தானான்னு கேட்டு ஒரு படிவம் அனுப்புச்சு, அவரும் நண்பரான இசையமைப்பாளர் கோடாயும் அத நிரப்ப மாட்டோம்னுட்டாங்க, அப்புறம் அந்தப் பதிப்பகத்தையே விட்டுட்டு லண்டன் பக்கம் மாறிட்டாரு. வயசான அம்மா இருந்ததால நாட்ட விட்டு நகர முடியல. அவங்க 1939 டிசம்பர்ல இறந்தாங்க, 1940 அக்டோபர்ல மனைவி டிட்டாவோட அமெரிக்காவுக்கு கிளம்பிட்டாரு.

கிளம்பறதுக்கு முன்னாடி எழுதி வச்ச உயில பத்தி கட்டுரையில ஒரு வார்த்தை கூட இல்ல. அப்ப புடாபெஸ்ட்ல ஒரு சதுக்கத்துக்கு ஹிட்லர் பேரும் இன்னொன்னுக்கு முசோலினி பேரும் வச்சிருந்தாங்க. அந்த ரெண்டு பேரோட பேருல ஹங்கேரியில ஒரு தெருவோ சதுக்கமோ இருக்கற வரைக்கும் என் பேர எந்தத் தெருவுக்கும் கட்டடத்துக்கும் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தாரு. இப்படிப்பட்டவர போய் பாவம்யா இந்தாளுன்னு எழுதலாமா?

மெனுஹினும் தர்மம் பண்ண வந்தவர் இல்ல. 1943 நவம்பர்ல அவருக்கு வயசு 27, பார்டோக்குக்கு 62. நியூயார்க் கச்சேரிக்காக பார்டோக்கோட முதல் வயலின்-பியானோ சொனாட்டாவ எடுத்திருந்தாரு, அத முன்கூட்டியே அவர்கிட்டயே வாசிச்சுக் காட்டினாரு. எழுதினவன் செத்து ரொம்ப காலம் ஆனப்புறம்தான் இப்படி வாசிப்பாங்கன்னு நினைச்சிருந்தேன்னு பார்டோக் சொன்னதா மெனுஹின் பின்னாடி சொல்லியிருக்காரு. அதே கச்சேரியில பாஹ்கோட சி மேஜர் தனி வயலின் சொனாட்டாவும் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் எனக்காக தனி வயலினுக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்கன்னு கேட்டாரு. இனாமா கொடுத்தா பார்டோக் வாங்க மாட்டாருன்னு நண்பர்களுக்கு எல்லாம் தெரியும், வேலையா கொடுத்தாதான் வாங்குவாரு. வட கரோலினாவுல ஆஷ்வில்ல அந்தக் குளிர்காலத்த கழிச்சப்ப எழுதி 1944 மார்ச்ல முடிச்சுட்டாரு.

ஸ்கோர, அதாவது எழுதி வச்ச இசைக் குறிப்ப பாத்ததும் மெனுஹினே ஆடிப் போயிட்டாரு, இத வாசிக்கவே முடியாது போலன்னு தோணுச்சாம். ரெண்டாவது மூவ்மென்ட், அதாவது ரெண்டாவது பகுதி, ஒரு ஃபியூக், ஒரே மெட்ட ஒவ்வொரு குரலா மாத்தி மாத்தி எடுத்துட்டு வர்ற வடிவம், அத கேட்டுப் பாருங்க, சின்னச் சின்ன துண்டா, நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி, முரட்டுத்தனமா ஆரம்பிக்கும், உறுதியோட வாசிக்கணும்னு ஸ்கோர்லயே குறிச்சிருக்காரு, அப்புறம் ஒரே வயலின்ல நாலு குரல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், வில்லு கம்பிய பிச்சுடுமோன்னு இருக்கும். இதுல அழுகை எங்க இருக்கு? மூணாவது மூவ்மென்ட்ல தனிமை இருக்கு, அத நான் மறுக்கல, அங்க கூட கெஞ்சல் கிடையாது.

கடைசி மூவ்மென்ட் பத்தி கட்டாயம் சொல்லணும். சத்தத்த அடக்கற மியூட்ட வயலின்ல மாட்டி, வண்டு ரீங்காரம் மாதிரி வேகமா ஓடும். அதுல பார்டோக் குவார்ட்டர் டோன், அதாவது பியானோ கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல விழற ஸ்வரங்கள எழுதியிருந்தாரு, கமகம் கேட்டு வளர்ந்த நம்ம காதுக்கு அது அவ்வளவு அந்நியமா படாது. இதெல்லாம் ஒலியோட நிறத்துக்காகத்தான், வேணாம்னா இத வாசிங்கன்னு கடைசிப் பக்கத்துல மாத்து வடிவமும் எழுதி, ரெண்டையும் நீங்க வாசிச்சு நான் கேக்கணும், அப்புறம் முடிவு பண்ணலாம்னு 1944 ஏப்ரல்ல மெனுஹினுக்கு கடிதம் போட்டாரு. சில இடத்துல ரெண்டு கம்பிய சேத்து வாசிக்க விரல் எட்டுமான்னும் அதுலயே கவலைப்பட்டு கேட்டிருக்காரு. சாகப் போற ஆளோட புலம்பலா இது, தொழில் தெரிஞ்ச ரெண்டு பேர் உக்காந்து வேலை பாக்கற பேச்சு இது.

1944 நவம்பர் 26 அன்னிக்கு கார்னகி ஹால்ல மெனுஹின் அரங்கேத்தினாரு, பார்டோக்கும் வந்து கேட்டாரு. 1945 செப்டம்பர்ல பார்டோக் இறந்துட்டாரு. 1947ல மெனுஹின் பதிப்பிச்சு வந்த அச்சுல குவார்ட்டர் டோன் இல்லாத வடிவம் மட்டும்தான் இருந்துச்சு. ரொம்ப வருஷம் எல்லாரும் அதையேதான் வாசிச்சாங்க. 1994ல வந்த புதுப் பதிப்புலதான் அவர் எழுதின ஸ்வரங்கள் திரும்பி வந்துச்சு. மெனுஹின் மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு, அவர் கேக்கலன்னா இந்த சொனாட்டாவே கிடையாது, ஆனாலும் இந்த ஒரு இடத்துல பார்டோக் எழுதினத அப்படியே வாசிக்கறதுதான் சரின்னு நான் நினைக்கறேன்.

கட்டுரையாளர்கிட்ட ஒரு வேண்டுகோள், மெனுஹினோட 1947 ரெக்கார்டிங்கையும், குவார்ட்டர் டோனோட இப்ப வாசிக்கறவங்க ரெக்கார்டிங் ஒண்ணையும் கேட்டுட்டு, அந்தக் கடைசி மூவ்மென்ட் பத்தி மட்டும் தனியா ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்க. கண்டிப்பா படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்