பிஎச்டி வேண்டாம் என்றாயே, அதைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "எனக்கு முழுசா இயற்பியலும் தெரியாது, முழுசா கம்ப்யூட்டரும் தெரியாது, என்னை யாரும்மா பிஎச்டிக்கு எடுப்பாங்க" என்றாய். கேப் டவுனிலேயே வேலைக்குப் போவது உனக்குப் பிடித்திருந்தால் போ, ஆனால் இந்தக் காரணத்துக்காகப் போகாதே.

உனக்கு எட்டு வயதில் என் வகுப்புப் பிள்ளைகளோடு உன்னையும் நம் மொரீஷியஸின் பிரா தோ ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். காட்டுக்குள் சுருள் சுருளாக ஆன்டெனாக்கள், கிழக்கு மேற்கில் இரண்டு கிலோமீட்டருக்கு 1,024. தெற்கே போகும் தண்டவாளத்தில் வண்டிமேல் இன்னும் சில. அந்த வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி அளந்து, நகர்த்தி மறுபடி அளந்து, எல்லாவற்றையும் கணினியில் சேர்த்த பிறகுதான் வானத்தின் படம் வந்தது என்று அங்கிருந்தவர் விளக்கினார். நீ தண்டவாளத்தில் குந்திக்கொண்டு "அப்போ டெலஸ்கோப் கம்ப்யூட்டருக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டாய், அவர் சிரிக்காமல் "பாதி அங்கேதான்" என்றார். அந்தப் பாதியைத்தானே இப்போது படித்து முடித்திருக்கிறாய்?

2024-ல் இயற்பியல் நோபல், கணினி தானாகக் கற்றுக்கொள்ளும் வழிக்கு அடித்தளம் போட்ட ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் போனது. காந்தப் பொருள்களுக்கு எழுதிய கணக்கை எடுத்து, நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வலையமைப்பை ஹாப்ஃபீல்டு 1982-லேயே உருவாக்கிவிட்டார். ஹின்டன் இளங்கலையில் படித்தது உளவியல். அவர்களிடம் யாராவது நீ எந்தத் துறை என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்.

காசு விஷயம். நிலத்தை விற்கட்டுமா என்று அப்பா கேட்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பிஎச்டி பெரும்பாலும் வேலை ஒப்பந்தம், மாதச் சம்பளம் வரும். அமெரிக்காவில் ஐந்தாறு வருடம் ஆகும், முதலில் வகுப்புகள் உண்டு, ஆனால் இயற்பியலில் பொதுவாகத் துறையே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் தருகிறது, விண்ணப்பம் டிசம்பர் வாக்கில் முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மரி கியூரி பிஎச்டி இடங்களுக்கு, கடந்த 36 மாதத்தில் சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நீ தென்னாப்பிரிக்காவில் இருந்ததால் உனக்கு அது தடையே இல்லை. கைக்காசு கட்டச் சொல்லும் இடம் மட்டும் வேண்டாம்.

அப்புறம், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதே, வழிகாட்டியைப் பார். என்னோடு வேலை செய்யும் டீச்சரின் மகன் பெரிய பெயருள்ள இடத்துக்குத்தான் போனான், மாதக்கணக்கில் பதில் போடாத ஒருவரிடம் மாட்டி மூன்றாம் வருடம் திரும்பி வந்துவிட்டான். சேரும் முன் அங்கே இப்போது படிக்கும் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசு. முன்னாள் மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்றும் கேள்.

தென்னாப்பிரிக்காவின் கரூவில் இருக்கும் மீர்கேட் ரேடியோ டெலஸ்கோப்பின் தட்டுகள் 64-ம் தந்த தரவிலிருந்து செயற்கைக்கோள் இரைச்சலைப் பிரிக்க நீ ஒரு புரோகிராம் எழுதினாயே, விண்ணப்பக் கடிதத்தை அதிலிருந்து ஆரம்பி. மதிப்பெண்ணெல்லாம் பிறகு வரட்டும். சனிக்கிழமைக்குள் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, புரியாத இடத்தில் கோடு போட்டு அனுப்புகிறேன்.

அம்மா
ரோஸ் ஹில்